வால்வு ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு

1950களிலும் 60களிலும் வெளிவந்த பெரிய கிட்டார் ஆம்ப்ளிபயர்கள் பெரும்பாலானவற்றில் சுவிட்ச் இரண்டு, விளக்கு ஒன்று. முதல் சுவிட்ச் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே விடும். இரண்டாவதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். வால்வுகளைச் சூடாகவே வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் நிறுத்தி வைப்பது அதன் வேலை. கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1946இல் தொடங்கிய நிறுவனத்தின் ஆம்ப்ளிபயர்களில், பட்டை தீட்டிய சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு பல்பு இருக்கும். மெயின் சுவிட்சைப் போட்டதும் அது எரியும். ஸ்டாண்ட்பை எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் ஒளி மாறாது. மேடையில் ஆம்ப்ளிபயர் வாய் திறக்காமல் நின்றால், ஸ்டாண்ட்பை போட்டதால் அமைதியா, உள்ளே ஏதோ போய்விட்டதால் அமைதியா என்று இந்த விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காரணம் எளிது. இன்டிகேட்டர் விளக்குக்கு ஆம்ப்ளிபயர் முழுவதையும் பற்றித் தெரியாது. மின்சுற்றில் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அதை இணைத்திருக்கிறார்களோ அங்கே மின்னழுத்தம் இருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். ஆகவே விளக்கு வைப்பதில் முதல் கேள்வி எந்த பல்பு, என்ன நிறம் என்பதல்ல. எந்த இடத்தில் இணைப்பது என்பதே. பழைய ஆம்ப்ளிபயரில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்று: சுவர் மின்சாரம் நுழையும் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்று, வால்வுகளின் ஹீட்டர் சுற்று, 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் உயர் மின்னழுத்தச் சுற்று.

டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் நிலைச் சுருள்கள் இரண்டு வகை வேலை செய்கின்றன. ஒன்று, ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இருக்கும் ஹீட்டர் இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் மாறுமின்சாரம் தருவது. இந்த விநோத எண் மோட்டார் காரிலிருந்து வந்தது. அக்காலக் கார்களில் மூன்று ஈய-அமில செல்கள் கொண்ட பேட்டரி இருந்தது. செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், மூன்றும் சேர்ந்தால் 6.3. 1930களில் கார் ரேடியோவுக்காக உருவான வால்வுகள் அந்த மின்னழுத்தத்தை ஏற்றுக்கொண்டன. பிறகு வீட்டு ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் அதே வழியில் போயின. ஹீட்டர் சூடேறி, கேத்தோடு எனும் குழாய் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் அதன் மேல்பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவரும். டிரான்ஸ்பார்மரின் இரண்டாவது வேலை, அந்த எலக்ட்ரான்களை ஆனோடு எனும் தகட்டை நோக்கி இழுக்கத் தேவையான உயர் மின்னழுத்தத்தைத் தருவது. அதை ரெக்டிஃபயர் நேர்மின்சாரமாக்குகிறது; பெரிய மின்தேக்கிகள் சமன் செய்கின்றன. ஸ்டாண்ட்பை சுவிட்ச் துண்டிப்பது இந்த இரண்டாவதை மட்டுமே. ஹீட்டரை அது தொடுவதில்லை.

ஃபெண்டர் தன் விளக்கை ஹீட்டர் சுற்றில் வைத்தது. பல்பின் எண் 47: 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர், சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம், அழுத்தித் திருப்பி மாட்டும் அடிப்பகுதி. ரேடியோவின் டயலுக்குப் பின்னால் எரிந்த அதே பல்பு. எந்த ரேடியோக் கடையிலும் கிடைத்தது. 44 என்று ஒரு அண்ணனும் உண்டு. அளவும் மாட்டும் விதமும் அதே, ஆனால் 0.25 ஆம்பியர் இழுக்கும். வெளிச்சம் கூடுதல், சூடும் கூடுதல்.

அந்த 0.15 ஆம்பியர் பெரிதா சிறிதா என்பது ஆம்ப்ளிபயரைப் பொறுத்தது. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் மாடலில் நான்கு 6எல்6ஜிசி வால்வுகள் தலா 0.9 ஆம்பியர் வீதம் 3.6 ஆம்பியர் எடுக்கின்றன. ஆறு சிறிய வால்வுகள் தலா 0.3 வீதம் 1.8 எடுக்கின்றன. மொத்தம் 5.4 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு பல்பு கணக்கிலேயே வராது. 5எஃப்1 சேம்ப் மாடலிலோ ஒரே ஒரு 6வி6, ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7. இரண்டும் சேர்ந்து 0.75 ஆம்பியர். அங்கே விளக்கு எடுக்கும் பங்கு மொத்தத்தில் ஆறில் ஒன்று. சேம்ப்பில் 47க்குப் பதிலாக 44ஐ மாட்டினால் டிரான்ஸ்பார்மருக்கு அது தெரியும், ட்வினில் தெரியாது.

ஹீட்டர் சுற்றில் விளக்கு வைப்பதில் ஒரு நன்மை உண்டு. அது எரிந்தால் சுவர் மின்சாரம் வருகிறது, பியூஸ் சரியாக இருக்கிறது, டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளும் ஹீட்டர் சுருளும் உயிரோடு இருக்கின்றன என்று நான்கு செய்திகள் ஒரே சமயத்தில் கிடைக்கின்றன. சுருளின் மின்னழுத்தம் குறைந்தால் பல்பு மங்கும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் சுமார் மூன்றரை அடுக்கில் மாறுவதால், 10 விழுக்காடு குறைந்தாலே ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்கு அது உடனே தெரியும். ஆயுள் எதிர்த்திசையில் இன்னும் வேகமாக மாறுகிறது: மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 12ஆம் அடுக்குக்கு நேரெதிராக. 117 வோல்ட்டுக்கென்று செய்த பழைய அமெரிக்க ஆம்ப்ளிபயரை இன்று 123 வோல்ட் வரும் சுவரில் மாட்டினால் ஹீட்டர் 6.6 வோல்ட்டுக்கு ஏறும். பல்பின் ஆயுள் பாதியாகிவிடும். அடிக்கடி பல்பு போகும் ஆம்ப்ளிபயரில் பல்பைக் குறை சொல்வதற்கு முன் ஹீட்டர் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது நல்லது. வால்வுகளும் அதே மிகை அழுத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இணைப்பு முறைக்கு வரலாம். அமெரிக்க டிரான்ஸ்பார்மர்களில் 6.3 வோல்ட் கம்பிகள் பச்சை நிறம். ஃபெண்டரில் அவை முதலில் விளக்கின் ஹோல்டருக்கு வரும். அங்கிருந்து முறுக்கிய ஜோடியாக வால்வு சாக்கெட்டுகளுக்குப் போகும். முறுக்குவதற்குக் காரணம் இரைச்சல். 60 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி காந்தப்புலம் உண்டாகும். எதிரெதிராக ஓடும் இரண்டு கம்பிகளை முறுக்கினால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விளக்குக்குப் போகும் பகுதியும் அந்த ஜோடியின் ஒரு துண்டே என்பதால் அதையும் முறுக்கியே ஆக வேண்டும்.

இதனுடன் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஹீட்டர் சுற்றை ஆம்ப்ளிபயரின் உலோகச் சட்டமான சேஸிஸோடு எங்காவது இணைக்காவிட்டால் அது மிதந்துகொண்டிருக்கும், மிதந்தால் உறுமும். மிகப் பழைய சிறு ஆம்ப்ளிபயர்களில், 5எஃப்1 சேம்ப் உட்பட, சுருளின் ஒரு முனையை நேராகச் சேஸிஸில் இணைத்தார்கள். ஒரே கம்பி போதும், செலவும் குறைவு. உறுமல் கொஞ்சம் கூடுதல். பிற்காலத்தில் சுருளின் நடுமுனையைச் சேஸிஸோடு இணைத்தார்கள். நடுமுனை இல்லாத டிரான்ஸ்பார்மரில் இரண்டு 100 ஓம் மின்தடைகளைக் கொண்டு செயற்கையாக ஒரு நடுமுனையை உண்டாக்கினார்கள். அந்த இரண்டு மின்தடைகளையும் விளக்கு ஹோல்டரின் காதுகளிலேயே பற்றவைத்த ஆம்ப்ளிபயர்கள் பல. எனவே பழைய ஹோல்டரைக் கழற்றி எறிபவர், விளக்கோடு சேர்த்து ஹீட்டர் சுற்றின் தரைத் தொடர்பையும் எறிந்துவிடக் கூடும். அப்புறம் கிளம்பும் உறுமலுக்கு வால்வு வால்வாக மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

ஹோல்டரிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் இரண்டு காதுகளும் உடலிலிருந்து தனித்திருக்கும். மற்றொன்றில் ஒரு காது உலோக உடலோடு ஒட்டியிருக்கும். சேஸிஸில் திருகி இறுக்கியதும் அந்தப் பக்கம் தானாகவே தரையோடு சேர்ந்துவிடும். இரண்டாவது வகை சேம்ப் போன்ற பழைய அமைப்புக்குப் பொருந்தும். நடுமுனை உள்ள ஆம்ப்ளிபயரில் அதை மாட்டினால் பாதிச் சுருள் குறுக்குச்சுற்று ஆகும். அதில் ஆம்பியர் கணக்கில் மின்சாரம் ஓடும். மெயின் பியூஸ் போகாமலே டிரான்ஸ்பார்மர் வெந்துவிடவும் கூடும். 100 ஓம் மின்தடைகள் உள்ள ஆம்ப்ளிபயரில் சேதம் குறைவு. ஒரு மின்தடை முழு 6.3 வோல்ட்டையும் தாங்க வேண்டிவரும், அதில் 0.4 வாட் சூடு எழும். அரை வாட் மின்தடை தாக்குப்பிடிக்கும், கால் வாட் கருகும். ஹோல்டரின் காது வளைந்து சேஸிஸை உரசினாலும் இதே கதை. பத்து ரூபாய் விளக்கின் ஓர் உரசல், ஆம்ப்ளிபயரிலேயே விலை கூடிய உறுப்பைப் பலிவாங்கும்.

வால்வு ரெக்டிஃபயர் உள்ள ஆம்ப்ளிபயரில் 5 வோல்ட் தரும் தனிச் சுருள் ஒன்றும் இருக்கும். அதன் கம்பிகள் மஞ்சள். 5 வோல்ட் என்றதும் விளக்குக்கு வசதியான இடம்போலத் தோன்றும். 5ஒய்3, ஜிஇசட்34 போன்ற ரெக்டிஃபயர்களில் அந்தச் சுருள் உயர் மின்னழுத்தத்தோடு நேராகச் சேர்ந்திருக்கிறது. இரண்டு மஞ்சள் கம்பிகளுக்கும் இடையே 5 வோல்ட் என்பது உண்மை. சேஸிஸுக்கும் அவற்றுக்கும் இடையே 400 வோல்ட் என்பதும் உண்மை. விளக்கை அங்கே கொண்டுபோகவே கூடாது.

விளக்கு வெறும் அலங்காரமாக இல்லாமல் சுற்றின் உறுப்பாகவே இருந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஐந்து வால்வு அமெரிக்க ரேடியோக்களில் ஹீட்டர்கள் எல்லாம் தொடராக இணைந்து நேரே சுவர் மின்சாரத்தில் ஓடின. 35இசட்5 ரெக்டிஃபயரின் ஹீட்டரில் ஒரு கிளைமுனை உண்டு. டயல் பல்பு அந்தத் துண்டுக்கு இணையாக நின்றது. ரெக்டிஃபயருக்குப் போகும் மின்சாரமும் அவ்வழியே போனது. பல்பு போனால் அதன் பங்கும் அந்த ஹீட்டர் துண்டின் தலையில் விழுந்து, நாளடைவில் ரெக்டிஃபயரே போகும். இந்த வகைச் சுற்றில் ஓடிய மலிவான கிட்டார் ஆம்ப்ளிபயர்களும் உண்டு. அவற்றின் சேஸிஸ் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கக்கூடியது. கம்பியில் கை வைக்கும் கிட்டார் கலைஞருக்கு உயிராபத்து. அப்படிப்பட்டதில் விளக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்து நியான். நியான் வாயுவை 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடித்தார்கள். அதை அடைத்த சிறு இன்டிகேட்டர் விளக்கை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் மக்ஃபார்லன் மூர் 1917இல் உருவாக்கினார். இழை கிடையாது. குறைந்த அழுத்தத்தில் வாயு, அதற்குள் மிக அருகில் இரண்டு உலோகக் கம்பிகள், அவ்வளவே. எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெஸ்டரின் கைப்பிடிக்குள் இளஞ்சிவப்பாக மின்னுவது இதே விளக்கு. கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 65 முதல் 90 வோல்ட் வரும்வரை அது எதையும் கடத்தாது. அந்த எல்லையைத் தாண்டியதும் வாயு அயனியாகிக் கடத்தத் தொடங்கும். அதன்பின் தன் குறுக்கே சுமார் 60 வோல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மின்சாரத்தை எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். தடுக்க ஒரு மின்தடை இல்லாவிட்டால் நொடியில் அழிந்துவிடும். சாதாரண நியானுக்கு அரை மில்லி ஆம்பியர் அளவு போதும். 120 வோல்ட் சுவருக்கு 100 கிலோ ஓம், 230 வோல்ட் சுவருக்கு 220 கிலோ ஓம் என்பது வழக்கம்.

சுவர் மின்சாரத்தில் நியானை இணைப்பவர், அதைப் பியூஸுக்கும் சுவிட்சுக்கும் பின்னால், லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைக்க வேண்டும். அப்போது பியூஸ் போனால் விளக்கும் போகும். பியூஸுக்கு முன்னால் வைத்தால், பியூஸ் போன ஆம்ப்ளிபயரிலும் விளக்கு ஒய்யாரமாக எரிந்துகொண்டிருக்கும். பழுது பார்ப்பவரைத் திசைதிருப்ப அதைவிட நல்ல வழி இல்லை. லைனுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இணைப்பது முற்றிலும் தவறு: எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் உள்ள பழைய ஆம்ப்ளிபயரில் விளக்கின் மின்சாரம் கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவர் உடலைத் தேடும். 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800 வரிசையில் சுவிட்சும் விளக்கும் ஒன்றாகி, ஒளிரும் ராக்கர் சுவிட்சாகிவிட்டன. வசதிதான். ஆனால் முதன்மைச் சுற்றின் நியான் ஹீட்டர் விளக்கைவிடக் குறைவாகவே பேசும். டிரான்ஸ்பார்மர் உள்ளே செத்திருந்தாலும் அது எரியும்.

இந்த இரண்டு விளக்கும் ஸ்டாண்ட்பையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் விளக்கைச் சேர்ப்பதற்கு முன், ஸ்டாண்ட்பை எதற்கு என்ற கேள்வி. குளிர்ந்த கேத்தோடின் மீது உயர் மின்னழுத்தம் விழுந்தால் அதன் பூச்சு பிய்ந்துபோகும், அதைக் காப்பாற்றவே ஸ்டாண்ட்பை என்ற விளக்கம் இசைக்கலைஞர்களிடையே வேரூன்றியிருக்கிறது. பெரிய ஒலிபரப்பு வால்வுகளில் அந்தக் கவலைக்கு இடம் உண்டு. கிட்டார் ஆம்ப்ளிபயரின் 400, 500 வோல்ட்டில் அது பெரிய பிரச்சினை இல்லை. அதே வால்வுகளைக் கொண்ட ரேடியோக்கள் ஸ்டாண்ட்பை இல்லாமல் பல்லாண்டு ஓடின. எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வால்வைச் சூடாக வைத்து மின்சாரம் ஓடவிடாமல் நெடுநேரம் விட்டால், கேத்தோடின் நிக்கலுக்கும் பூச்சுக்கும் இடையே தடை கூட்டும் ஓர் அடுக்கு வளரும். எம்ஐடியின் வேர்ல்விண்ட் கணினியைக் கட்டியவர்கள் இதை எதிர்கொண்டார்கள். நிக்கலில் கலந்திருந்த சிலிக்கனே காரணம் என்று கண்டு, சிலிக்கன் இல்லாத நிக்கலில் வால்வு செய்யச் சொன்னார்கள். ஆக, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் சத்தத்தை நிறுத்துவதற்கு ஸ்டாண்ட்பை சரி. இரவு முழுக்க அப்படியே விட்டுவைப்பதற்கு அல்ல. அப்படி மறந்து விடாமல் இருக்கவும் ஒரு விளக்கு உதவும்.

ஸ்டாண்ட்பை விளக்கைச் சேர்க்கப் பலரும் முதலில் நினைக்கும் வழி, சுவிட்சை இரட்டைத் துருவச் சுவிட்சாக மாற்றுவது. ஒரு துருவம் உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும்; மற்றொன்று 6.3 வோல்ட் பல்பை ஏற்றி அணைக்கும். இதில் இரண்டு குறைகள். ஒரே சுவிட்சின் உடலுக்குள், சில மில்லிமீட்டர் தூரத்தில், 440 வோல்ட் நேர்மின்சாரமும் ஹீட்டர் சுற்றும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும். கடையில் கிடைக்கும் டாகிள் சுவிட்சுகள் பொதுவாக 250 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு உரியவை. நேர்மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் பொறி தானாக அணைவதில்லை. முனைகள் கருகும், கரி படியும், ஒருநாள் இரு துருவங்களுக்கும் இடையே பாதை போட்டுவிடும். இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. அந்த விளக்கு சுவிட்சின் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ரெக்டிஃபயர் போயிருந்தாலும், சுவிட்சின் மற்ற முனை கருகியிருந்தாலும் 'எல்லாம் சரி' என்று எரியும்.

உயர் மின்னழுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய விளக்கை உயர் மின்னழுத்தத்திலேயே இணைப்பது நேர்மையான வழி. நியான் அதற்கென்றே பிறந்தது. ஸ்டாண்ட்பை சுவிட்சுக்குப் பின்னால், 440 வோல்ட் வரும் புள்ளிக்கும் சேஸிஸுக்கும் நடுவே அதை வைக்கலாம். நியான் தனக்கு 60 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 380 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும். 680 கிலோ ஓம் வைத்தால் 0.56 மில்லி ஆம்பியர் ஓடும், சூடு 0.2 வாட் சொச்சம். வாட் கணக்கு எளிதில் பொருந்திவிடுவதால் பலர் தவறவிடுவது வோல்ட் கணக்கை: சாதாரண கால் வாட் மின்தடைகள் 250 வோல்ட் வரைதான் தாங்கும். ஆகவே 330 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் மீதும் 190 வோல்ட் மட்டும் விழும்படி செய்வது முறை. அந்த மின்தடைகளை விளக்கருகில் வைக்காமல், உயர் மின்னழுத்தம் எடுக்கும் இடத்திலேயே பற்றவைக்க வேண்டும். அப்போது முகப்புப் பலகை வரை போகும் நீளக் கம்பியில் மின்தடைக்குப் பின்னாலான மின்சாரமே ஓடும். கம்பி உரிந்து சேஸிஸில் பட்டாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது, விளக்கு மட்டும் அணையும்.

இப்படி இணைத்த நியானில் ஒரு கம்பி மட்டுமே ஒளிரும். எதிர்மின் பக்கத்தைச் சுற்றித்தான் ஒளி உண்டாகும் என்பதால், நேர்மின்சாரத்தில் ஒரு பக்கமும் மாறுமின்சாரத்தில் மாறி மாறி இரு பக்கமும் ஒளிரும். ஒரு பக்கம் இருட்டாக இருப்பதைப் பார்த்து விளக்கு பாதி போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. ஜிஇசட்34 போன்ற ரெக்டிஃபயர் வால்வு உள்ள ஆம்ப்ளிபயரில் இந்த விளக்கு மெல்ல வரும்: ஸ்டாண்ட்பை சுவிட்ச் இசைக்கும் நிலையிலேயே இருந்தாலும் ரெக்டிஃபயர் சூடேறும்வரை காத்திருந்துதான் எரியும். சிலிக்கன் டையோடு உள்ளதில் உடனே எரியும். ஒரே விளக்கு, ரெக்டிஃபயர் எந்த வகை என்பதையும் சொல்லிவிடுகிறது.

விளக்கு இசைக்கும்போது எரியாமல் ஸ்டாண்ட்பையில் மட்டும் எரிய வேண்டுமென்றால் அதற்கும் அழகான வழி இருக்கிறது. சுவிட்ச் உயர் மின்னழுத்த நேர்மின் கம்பியில் இருந்தால், நியானையும் அதன் மின்தடைகளையும் சுவிட்சின் இரு முனைகளுக்குக் குறுக்கே இணைத்தால் போதும். சுவிட்ச் திறந்திருக்கையில் முழு மின்னழுத்தமும் அதன் குறுக்கே விழுவதால் விளக்கு எரியும். மூடியதும் இரு முனையும் ஒன்றாகி அணையும். கூடுதல் துருவம் வேண்டியதில்லை. ஒரு வேடிக்கை மட்டும் உண்டு: வால்வுகள் குளிர்ந்திருக்கும் முதல் சில நொடிகளில், நியான் வழியே கசியும் மின்சாரம் அப்பாலுள்ள மின்தேக்கிகளை நிரப்பத் தொடங்குவதால் விளக்கு சற்று மங்கக்கூடும். வால்வுகள் சூடேறி அந்தக் கசிவைக் குடித்ததும் பழைய ஒளிக்குத் திரும்பும்.

நியானுக்கு இணையாக மின்தேக்கி எதையும் வைக்கக் கூடாது. மின்தேக்கி நிரம்ப, நியான் பற்ற, மின்தேக்கி வடிய, நியான் அணைய, மறுபடி நிரம்ப என்று விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும்; ஒவ்வொரு சிமிட்டலும் உயர் மின்னழுத்தக் கம்பியில் ஒரு 'டிக்' சத்தமாக ஸ்பீக்கரில் கேட்கும். இதே நியான் ஃபெண்டரில் வேறொரு வேலையும் பார்த்தது. 1963க்குப் பிந்தைய பல மாடல்களில் ஒலியின் அளவை அலை அலையாக ஏற்றி இறக்கும் விளைவை, கறுப்பு உறைக்குள் ஒரு நியானையும் ஒளிபட்டால் தடை மாறும் ஒரு மின்தடையையும் எதிரெதிரே அடைத்துச் செய்தார்கள். வயதான நியானுக்கு உரிய நோய்களும் அங்கே தெரியும்: கண்ணாடி உட்புறம் கறுக்கும், பற்றும் மின்னழுத்தம் ஏறும், இருட்டில் பற்றத் தயங்கும்.

எல்இடிக்கு மேற்கண்ட நோய்கள் இல்லை. வேறு தேவைகள் உண்டு. 6.3 வோல்ட் என்பது மாறுமின்சாரத்தின் பயனுறு (ஆர்எம்எஸ்) மதிப்பு. உச்சத்தில் அது 8.9 வோல்ட். எல்இடி எதிர்த்திசையில் பொதுவாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தொடரில் ஒரு டையோடும் 470 ஓம் மின்தடையும் போட்டால் சராசரி 4 மில்லி ஆம்பியர் ஓடும். இன்றைய எல்இடிகளுக்கு அதுவே கண் கூசும் அளவு. அலையின் ஒரு பாதியில் மட்டும் எரிவதால் ஓரக்கண்ணுக்கு இலேசான நடுக்கம் தெரியும். 47க்கு நேர் மாற்றாக அதே அடிப்பகுதியோடு வரும் எல்இடிகளும் விற்கின்றன. சேம்ப் போன்ற சிறியவற்றில் டிரான்ஸ்பார்மரின் சுமையைக் குறைக்க அவை பயன்படும்.

நிறக்கண்ணாடியை மறந்துவிட்டு எல்இடி வாங்குபவர் ஏமாறுவார். இழை பல்பு எல்லா நிறமும் கலந்த, சிவப்பு மிகுந்த ஒளியைத் தருகிறது. சிவப்புக் கண்ணாடி அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. நீலக் கண்ணாடிக்குப் பின்னால் அதே பல்பு மங்கலாகத் தெரியும், ஏனெனில் அதன் ஒளியில் நீலம் குறைவு. சிவப்பு எல்இடியோ சிவப்பைத் தவிர வேறு எதையும் தருவதில்லை. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் அதை வைத்தால் இருட்டுதான். கண்ணாடியின் நிறத்துக்கே எல்இடியையும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. வெள்ளை எல்இடி சிவப்புக் கண்ணாடியில் சோகையான ரோஜா நிறம் காட்டும். பழைய ஆம்ப்ளிபயரின் முகத்துக்கு அது ஒட்டாது.

சேகரிப்பாளர்கள் மதிக்கும் ஆம்ப்ளிபயரின் முகப்பில் புதிதாகத் துளை போடுவது நல்ல யோசனையல்ல. விலை இறங்கும், துளையை மூட முடியாது. பின்பக்கத் தகட்டில் பயன்படாத ஜாக் துளை இருந்தால் ஸ்டாண்ட்பை நியான் அங்கே உட்காரலாம். ஹீட்டர் சுற்றில் ஃபெண்டர் வைத்த 47, ஸ்டாண்ட்பைக்குப் பின்னால் ஒரு நியான்: இந்த இரண்டும் சேர்ந்தால் மேடையில் தெரியவேண்டிய எல்லாம் தெரியும். அதற்கு மேல் விளக்கு சேர்ப்பது அழகுக்காக மட்டுமே.

எந்த விளக்கும் மின்தேக்கியின் மீதியைச் சொல்லாது. ஸ்டாண்ட்பையைப் போட்டுவிட்டுப் பிறகு மெயினை அணைத்தால், சுவிட்சுக்கு முன்னாலுள்ள பெரிய மின்தேக்கிகள் வடிய வழியின்றி நிரம்பி நிற்கும். ட்வின் ரிவெர்பில் அவற்றின் குறுக்கே 220 கிலோ ஓம் மின்தடைகள் இருப்பதால் ஒரு நிமிடத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். அவை இல்லாத ஆம்ப்ளிபயர்களில் நெடுநேரம் நிற்கும். நியான் 60 வோல்ட்டுக்குக் கீழே தானாக அணைவதால், அணைந்த நியான் பூஜ்ஜியம் என்று பொருள் தராது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு மின்தடை வழியாக மின்தேக்கிகளை வடித்து, மீட்டரின் முனையை வைத்துச் சில வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதென்று பார்த்த பிறகே சேஸிஸுக்குள் கை வைக்க வேண்டும்.